முதல் முப்பது நிமிட ஓட்டம்: எந்தப் பயிற்சி முறை யாருக்குப் பொருந்தும்?

ஓடத் தொடங்குவது என்று முடிவெடுத்தவர் அடுத்து எதிர்கொள்ளும் கேள்வி, எந்த முறையில் தொடங்குவது என்பது. கைபேசியில் தேடினால் ஒன்பது வாரத் திட்டம், ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறை, நடைவேகத்திலேயே ஓடும் ஜப்பானிய முறை, இதயத்துடிப்பைக் கணக்கு வைத்து ஓடும் முறை என்று நான்கைந்து வழிகள் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றையும் பரிந்துரைப்பவர்கள், அதில் வெற்றி கண்டவர்கள். அதனால் அவர்கள் சொல்வது அவரவர் உடலுக்கு உண்மையாகவே இருக்கும். கேட்பவரின் வயது, எடை, இத்தனை ஆண்டுகள் எப்படி வாழ்ந்தார், எந்த ஊரில் எந்த மாதத்தில் ஓடப்போகிறார் என்பவையெல்லாம் வேறாக இருக்கும்போது அதே முறை அதே பலனைத் தரும் என்று சொல்ல முடியாது.

இந்த ஒப்பீட்டை ஒரு குறிப்பிட்ட வாசகரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அவருக்கு முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பல ஆண்டுகளாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். வாரத்தில் சில நாட்கள் நடப்பவர் அல்லது அதுவும் இல்லாதவர். சில மாதங்களில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும் என்று விரும்புகிறவர். இவற்றில் இரண்டு முறைகளை நான் சென்னையில் செய்து பார்த்திருக்கிறேன், ஒன்றில் காலைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது முறையை என் அக்கா செய்வதை ஓராண்டாக அருகிலிருந்து பார்த்து வருகிறேன்.

எந்தத் திட்டமும் இல்லாமல் ஓடத் தொடங்குவதுதான் நம் ஊரில் மிகுதியாக நடப்பது. ஜனவரி முதல் வாரத்தில் மெரினாவில் கலங்கரை விளக்கத்துப் பக்கம் காலையில் நின்று பார்த்தால் புதிய ஷூ போட்ட பலர், முதல் நூறு மீட்டரைப் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓடுவது போல ஓடி, காந்தி சிலை வருமுன்பே இடுப்பில் கைவைத்து நிற்பதைக் காணலாம். அவர்களிடம் மன உறுதிக்குக் குறைவில்லை. வேகம் மட்டும் தவறாக இருக்கிறது. மூச்சு முட்டும் வேகத்தில் பத்து நாள் ஓடினால் உடலும் கெடும், மனமும் வெறுக்கும். இந்த வழியைப் பற்றி இதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

மற்ற முறைகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டால், பிறகு எடுக்கும் முடிவு எளிதாகிவிடும். ஓட்டப் பயிற்சிக்கு உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. அதனால் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. அடுத்த சில வாரங்களில் தசைச் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. இதன் விளைவாக ஒரு மாதத்திலேயே மூச்சு நன்றாக நிதானப்பட்டுவிடுகிறது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் எலும்புகளும் அப்படியல்ல. புதிய சுமைக்கு ஆளான எலும்பு, முதலில் தன் பழைய திசுவைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் புதியதைக் கட்டுகிறது; கரைத்தல் முடிந்து கட்டுதல் முழுமை அடையாத இடைக்காலத்தில் அது முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும், இந்தச் சுழற்சி முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் காலில் இறங்கும் விசை உடல் எடையை ஒட்டியே இருக்கும். ஓடும்போது அது எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்காகிறது. ஆகவே இரண்டாவது மாதத்தில் ஓடுபவரின் மூச்சு 'இன்னும் ஓடலாம்' என்று சொல்லும். காலெலும்போ அதற்குத் தயாராகியிருக்காது. புதிதாக ஓடுபவர்களின் காயங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நேர்கின்றன என்பது என் கருத்து. ஒரு பயிற்சி முறை இந்த இடைவெளியை எப்படிக் கையாள்கிறது என்பதையே இங்கே முதன்மையான அளவுகோலாகக் கொள்கிறேன்.

உலகெங்கும் பலர் பின்பற்றும் தொடக்கத் திட்டம் 'கவுச் டு 5கே' என்பது. சோபாவில் உட்கார்ந்திருப்பவரை ஐந்து கிலோமீட்டர் ஓட வைப்பது என்பது அந்தப் பெயரின் பொருள். அமெரிக்காவைச் சேர்ந்த ஜோஷ் கிளார்க் 1996இல் இதை உருவாக்கினார். பிறகு பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையே இதை எடுத்துக்கொண்டு குரல்வழிப் பயிற்சியாகவும் செயலியாகவும் மக்களுக்குக் கொடுத்தது. ஒன்பது வாரம், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரைமணி நேரம். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று இருபது நிமிடம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். வாரம் ஏற ஏற ஓட்டத்தின் நேரம் கூடி, நடையின் நேரம் குறைந்து, ஒன்பதாவது வாரத்தில் முப்பது நிமிடம் நிற்காத ஓட்டத்தில் முடியும்.

இந்தத் திட்டத்தின் பலம் அதன் தெளிவு. இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை; காதில் குரல் சொல்லும்போது ஓடி, சொல்லும்போது நடந்தால் போதும். முடியும் நாள் கண்ணுக்குத் தெரிவதால் இடையில் விட்டுவிடத் தோன்றாது. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன், கிரிக்கெட் ஆடிப் பழகிய கால்களோடு இதை ஒன்பதே வாரத்தில் எந்தச் சிக்கலும் இன்றி முடித்தான்.

நான் நாற்பத்திரண்டு வயதில் இதே திட்டத்தை எடுத்தேன், ஆறாவது வாரத்தில் நின்றுபோனேன். ஏன் என்று பிறகு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. திட்டத்தில் வாரத்துக்கு மொத்தம் எத்தனை நிமிடம் ஓடுகிறோம் என்று கூட்டினால் முதல் வாரம் 24 நிமிடம், இரண்டாவது வாரமும் மூன்றாவது வாரமும் ஏறக்குறைய 27 நிமிடம் என்று மென்மையாகத்தான் போகிறது. நான்காவது வாரத்தில் அது ஒரேயடியாக 48 நிமிடமாகிறது. ஐந்தாவது வாரம் 51, ஏழாவது வாரம் 75, கடைசி வாரம் 90. ஐந்தாவது வாரத்தின் முதல் நாளில் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று முறை ஓடச் சொல்கிறது. இரண்டாவது நாளில் எட்டு எட்டு நிமிடமாக இரண்டு முறை. மூன்றாவது நாளில் இடையில் நடையே இல்லாமல் இருபது நிமிடம். இந்த மூன்றாவது நாளைக் கண்டு அஞ்சாதவர் இல்லை, ஆனால் எல்லோரும் அஞ்சுவது மூச்சுக்காக. மூச்சு எனக்கு ஒத்துழைத்தது. அந்த இருபது நிமிடத்தை முடித்தபோது விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நின்று கடலைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது.

அதற்கு மூன்று நாள் கழித்து, வலது காலில் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, முன்னெலும்பின் உட்புற ஓரத்தில் ஒரு வலி தொடங்கியது. முதலில் ஓட்டத்தின் ஆரம்பத்தில் மட்டும் வந்து சூடேறியதும் மறைந்தது. அடுத்த வாரம் மாடிப்படி இறங்கும்போதும் வலித்தது. விரலால் தடவிக்கொண்டே போனால் ஓர் உள்ளங்கை நீளத்துக்கு எலும்பின் ஓரம் முழுவதும் நோவு இருந்தது. பரிசோதித்த எலும்பு மருத்துவர், வலி இப்படி நீளமாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய அழற்சியாக இருக்கும் என்றும், ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துள்ளும்படி வலித்தால் எலும்பில் மயிரிழை விரிசலா என்று பார்க்க வேண்டியிருக்கும் என்றும் விளக்கினார். ஐந்து வாரம் ஓடாமல் நடந்தேன். குறை சொல்ல வேண்டுமானால் என்னைத்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தை இரண்டு முறை செய்துவிட்டு அடுத்ததற்குப் போவதை அந்தத் திட்டம் தடுக்கவில்லை. செயலி 'அடுத்த வாரம்' என்று காட்டும்போது இதே வாரத்தில் நின்றுகொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பெயரைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முப்பது நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். புதிதாக ஓடும் நடுத்தர வயதுக்காரருக்கு எட்டு நிமிடம் ஆவது இயல்பு. அந்த வேகத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆகும். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் தூரத்தை எட்டிப் பிடிப்பதற்காக வேகத்தைக் கூட்டிக்கொண்டு கெடுத்துக்கொள்கிறார்கள். திட்டத்தை நேரத்தால் அளந்தால் போதும், தூரத்தைப் பார்க்கவே வேண்டாம்.

இந்த இடத்தில் பலரும் சொல்லும் பத்து சதவீத விதியைப் பார்க்கலாம். ஒரு வாரத்தின் ஓட்டத்தை முந்தைய வாரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பது அது. நெதர்லாந்தில் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பத்து சதவீத விதிப்படி 13 வாரத் திட்டமும் மற்றவர்களுக்கு வழக்கமான 8 வாரத் திட்டமும் கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் காயமடைந்தவர்கள் ஏறக்குறைய சமம், ஐந்தில் ஒருவர். இதைக் காட்டி, மெதுவாகக் கூட்டுவதில் பயனில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு பிரிவினருமே பயிற்சியற்ற கால்களோடு நேரடியாக ஓட்டத்தில் இறங்கியவர்கள். சதவீதத்தை எண்ணி ஓடினால் மட்டும் கால் காப்பாற்றப்படாது என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ஒரு தடவை ஓடும்போது இடைவிடாமல் எவ்வளவு நேரம் காலில் அடி விழுகிறது, எந்த வேகத்தில் விழுகிறது, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஓய்வு இருக்கிறதா என்பவையும் சேர்த்தே எண்ணப்பட வேண்டும்.

அந்த வகையில் எனக்குச் சிறந்ததாகப் படுவது ஜெஃப் கேலோவே வகுத்த ஓட்ட நடை முறை. கேலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பத்தாயிரம் மீட்டர் ஓடியவர். 1974இல், ஓடியே பழகாத சாதாரண மனிதர்களுக்கு வகுப்பு நடத்தத் தொடங்கியபோது, அவர்கள் காயமின்றி முடிப்பதற்காக நடை இடைவெளிகளைச் சேர்த்தார், அதுவே முறையாக வளர்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் முதலில் சொன்ன திட்டத்தின் முதல் வாரத்தைப் போலத் தோன்றும். வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. அங்கே நடை என்பது படிப்படியாக ஒழிக்கப்பட வேண்டிய ஊன்றுகோல். இங்கே நடை பயிற்சியின் நிரந்தரப் பகுதி. மாரத்தான் ஓடும்போதுகூட விலக்கப்படாதது. களைத்த பிறகு நடப்பதில்லை, களைப்பு வருவதற்கு முன்பே, முதல் நிமிடத்திலிருந்தே, கடிகாரத்தின்படி நடக்க வேண்டும். ஒரே தசைகளும் ஒரே எலும்பும் தொடர்ந்து அடிவாங்குவது இதனால் தடைபடுகிறது.

கால் ஆறியபின் நான் இதற்கு மாறினேன். முப்பது நொடி ஓட்டம், அறுபது நொடி நடை என்று தொடங்கி, மூன்று வாரம் அதையே செய்தேன். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அது மூன்று வாரம். அதன்பின் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. பதினான்காவது வாரத்தில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை, சுமார் மூன்று கிலோமீட்டர், போய்த் திரும்பினேன். மொத்தம் ஐம்பது நிமிடம் ஆயிற்று. நடந்த நேரங்களைக் கழித்துப் பார்த்தால் முன்பு ஒன்பது வாரத்தில் நான் அடைய முயன்றதைவிட அதிகமாகவே ஓடியிருந்தேன், முன்னெலும்பில் வலியும் இல்லை.

இதில் சங்கடங்களும் உண்டு. கையில் கடிகாரம் முப்பது நொடிக்கு ஒருமுறை ஒலித்துக்கொண்டே இருக்கும். ஓட்டத்தில் மனம் லயிப்பதை விரும்புகிறவர்களுக்கு அது தொந்தரவு. நன்றாக ஓட முடியும்போது ஏன் நடக்க வேண்டும் என்ற தயக்கம் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும், அதுவும் நம்மைத் தாண்டிப் போகிறவர் திரும்பிப் பார்க்கும்போது. இடைவிடாமல் முப்பது நிமிடம் ஓடியே தீர வேண்டும் என்பது ஒருவரின் குறிக்கோளாக இருந்தால், இந்த முறை தானாக அவரை அங்கே கொண்டுபோய் விடாது. கடைசியில் நடை இடைவெளிகளை அவரே முனைந்து குறைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோவாகி தனகா பரப்பிய மிதவேக மெல்லோட்டம். இதன் மையக் கருத்து 'நிகோ நிகோ' வேகம். ஜப்பானிய மொழியில் அது புன்னகையைக் குறிக்கும் சொல். புன்னகைத்தபடி, பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியங்களில் பேசியபடி ஓடக்கூடிய வேகம். தொடக்கத்தில் அது மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர், அதாவது நடைவேகம்தான். அடிகள் மிகச் சிறியவை. நிமிடத்துக்கு 180 அடி என்ற கணக்கில், முன்பாதத்தில் மெதுவாக ஊன்றி ஓட வேண்டும். தினமும் செய்யலாம், ஒரே மூச்சில் செய்யாமல் சில நிமிடங்களாகப் பிரித்தும் செய்யலாம்.

என் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆறு ஆண்டுகளாக நீரிழிவு. கடற்கரைக்கு அழைத்தபோது, "உன் வேகத்துக்கெல்லாம் என்னால் வர முடியாதுடா, என்னை என் போக்கில் விடு" என்று சொல்லிவிட்டார். விடியற்காலையில் தெருவில் தனியாக ஓடுவதில் அவருக்கு நாய்களைப் பற்றிய பயமும் இருந்தது, அது நியாயமான பயமே. அவர் தேர்ந்துகொண்ட இடம் வீட்டு மொட்டைமாடி. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சுற்று ஓடினால் நாற்பது மீட்டர் வரும் என்று நாடா பிடித்து அளந்து கொடுத்தேன். இருபத்தைந்து சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர். தண்ணீர்த் தொட்டித் திண்டின்மேல் இரண்டு கிண்ணங்களை வைத்து, ஒன்றில் இருபத்தைந்து புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டை அடுத்த கிண்ணத்துக்குப் போகும். அது தீர்ந்ததும் திசையை மாற்றி எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்குவார். ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தால் உள்பக்கக் காலின் முட்டிக்கு வலி வரும் என்பதை இரண்டாவது வாரமே கண்டுகொண்டார். முதல் மாதம் ஒரு நிமிட ஓட்டமும் அரை நிமிட நடையுமாகச் சென்றது. எட்டாவது மாதத்தில் இடைவிடாமல் நாற்பது நிமிடம் ஓடினார். பார்ப்பவருக்கு அது ஓட்டமாகத் தோன்றாது. ஆனால் அவருடைய இதயத்துக்கும் தொடைத் தசைக்கும் அது ஓட்டம்தான்.

இந்த முறையின் குறை கெண்டைக்காலில் தெரியும். முன்பாதத்தில் ஊன்றிப் பழகாதவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் கெண்டைத்தசையும் குதிகால் தசைநாணும் இறுக்கிப் பிடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் தொடங்குவதே நல்லது. வேகமாக ஓட வேண்டும், பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் இதில் நிலைக்க மாட்டார்கள். எடை அதிகமாக இருப்பவர்களுக்கும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், வெளியே சென்று ஓட வசதியில்லாத பெண்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதயத்துடிப்பைக் கணக்கு வைக்கும் முறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்கர் ஃபில் மாஃபெடோன் சொன்ன கணக்கு, 180இலிருந்து வயதைக் கழிப்பது. நாற்பத்திரண்டு வயதுக்காரர் நிமிடத்துக்கு 138 துடிப்பைத் தாண்டாமல் ஓட வேண்டும். நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கும் இன்னும் குறைவு. நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஹவாய் அயர்ன்மேன் போட்டியை ஆறு முறை வென்ற மார்க் ஆலன் இந்த முறையில் பயின்றவர். பொறுமையாக ஓடக் கற்றுக்கொடுக்கும் முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் சென்னையின் வெக்கையில், வியர்வையைப் பெருக்கி உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குத் திருப்பப்படுவதால், அதே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். மே மாதக் காலையில் புதியவர் ஒருவர் வேகமாக நடந்தாலே எல்லையைத் தொட்டுவிடுவார். மணிக்கட்டில் கட்டும் கடிகாரங்கள் காட்டும் எண்ணும் எப்போதும் நம்பத்தக்கதல்ல. தொடங்குபவருக்குப் பேச்சுச் சோதனையே போதும்: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால், கருவி எதுவும் வேண்டியதில்லை.

எந்த மாதத்தில் தொடங்குகிறோம் என்பது முறையைத் தேர்ந்தெடுப்பதில் நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு வகிக்கிறது. வெளிநாட்டுத் திட்டங்கள் எல்லாம் குளிர்நாட்டுக் காலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சென்னையில் டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்தபின் தொடங்கினால் ஒன்பது வாரத் திட்டம் மார்ச் வெயிலுக்கு முன்பே முடிந்துவிடும். இளையவர்களுக்கு அது வசதியான கணக்கு. பதினாறு வாரம் எடுத்துக்கொள்பவருக்குக் கடைசி வாரங்கள் ஏப்ரலில் வரும். அப்போது நிற்காமல் ஓடும் நேரத்தைக் கூட்டுவதைக் காட்டிலும், நடை இடைவெளிகளை வைத்துக்கொண்டு இருக்கும் நிலையைக் காப்பாற்றிக்கொள்வதே அறிவுடைமை. வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும் என்பதால், குளிர்சாதன அறையின் ட்ரெட்மில்லில் பயின்றவர் நேராக மே மாதத் தெருவுக்கு வந்து அதே வேகத்தில் ஓடக் கூடாது. சூரியன் எழும் முன்பே முடித்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பெரிய தம்ளர் குடித்தால் உடல் தேறும். தலைசுற்றலோ, குமட்டலோ, வியர்வை ஓய்ந்து குளிரெடுப்பது போன்ற உணர்வோ வந்தால் அன்றைய ஓட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது என்று நிழலுக்குப் போய்விட வேண்டும்.

தரையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. மணல் மென்மையானது, ஆகவே காலுக்கு நல்லது என்று எண்ணிப் பலர் மெரினாவின் உலர்ந்த மணலில் ஓடுகிறார்கள். மணலில் குதிகால் ஆழமாகப் புதைவதால் குதிகால் தசைநாண் ஒவ்வோர் அடியிலும் கூடுதலாக இழுபடுகிறது; அலையோர ஈரமணல் சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்து நிற்கிறது. புதியவர்களுக்கு மண் தடமோ தார்ச்சாலையோ மேல். ஷூ வாங்கும்போது மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி வாங்கினால் போதும்.

இனி என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். முப்பதுக்குக் கீழே வயதுள்ளவர், விளையாடிப் பழகியவர், ஆறு மாதமாவது தினமும் வேகமாக நடந்து வருபவர் ஆகியோர் ஒன்பது வாரத் திட்டத்தையே எடுக்கலாம். மூன்றாவது வாரத்தையும் ஐந்தாவது வாரத்தையும் இரண்டு முறை செய்தால் அது பதினொரு வாரமாகி இன்னும் பாதுகாப்பாக இருக்கும். நாற்காலி வேலையிலிருந்து நேராக வருபவர், முதல் நான்கு வாரம் ஓடவே வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் நாற்பது நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, பிறகு முப்பது நொடி ஓட்டத்தோடு ஓட்ட நடை முறையைத் தொடங்கட்டும். எடை மிகுந்தவரும் ஐம்பதைக் கடந்தவரும் மிதவேக மெல்லோட்டத்தை எடுக்கட்டும். மார்பு வலி, படியேறும்போது இயல்பை மீறிய மூச்சுத்திணறல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையை வெகுவாக இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள், எப்போது சாப்பிட்டு எப்போது ஓடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும், ஓடி முடித்ததும் பாதங்களில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

எந்த முறையை எடுத்தாலும் அடுத்த படிக்குப் போகலாமா என்பதை ஓடும்போது இருக்கும் மூச்சைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகளைக் கவனித்துத் தீர்மானிக்கலாம். தசையில் பரவலான அலுப்பு மட்டும் இருந்தால் போகலாம். குதிகாலிலோ முன்னெலும்பிலோ முட்டியிலோ ஓரிடத்தில் விரலால் சுட்டிக்காட்டும்படி வலி இருந்தால் அந்த வாரத்தையே திரும்பச் செய்ய வேண்டும்; எலும்பில் விரல் வைத்தால் துள்ளும்படி வலித்தால், முன்பு சொன்ன விரிசலா என்று மருத்துவரிடம் காட்டாமல் ஓடக் கூடாது. வலி அடுத்த இரண்டு ஓட்டங்களிலும் தொடர்ந்தால் ஒரு வாரம் நடைக்குத் திரும்ப வேண்டும். அரைமணி ஓட்டம் கைவந்த பிறகு தாங்குதிறனைக் கூட்ட விரும்புபவர், மூன்று ஓட்டங்களையும் ஒருசேர நீட்டாமல், வாரத்தில் ஒன்றை மட்டும் ஐந்து ஐந்து நிமிடமாக நீட்டி, நான்காவது வாரத்தில் பத்து நிமிடம் குறைத்துக்கொண்டால், சுமார் நான்கு மாதத்தில் ஒரு மணி நேர ஓட்டத்தைத் தொடலாம். வேகம் கூட்டும் பயிற்சிகள் அதற்குப் பிறகு.

இடையில் காய்ச்சலோ ஊர்ப்பயணமோ வந்து ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட வாரத்துக்கு முந்தைய வாரத்திலிருந்து தொடங்கலாம். மூன்று வாரம் விட்டுப்போனால் திட்டத்தின் பாதிக்குத் திரும்ப வேண்டும். டெங்கு போன்ற கடுமையான காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள், மருத்துவர் சம்மதித்த பிறகு இரண்டு வாரம் வெறும் நடையைச் செய்து, முப்பது நொடி ஓட்டத்திலிருந்து மீண்டும் தொடங்குவதே சரி. மூச்சு விரைவில் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால், அப்போதும் காலுக்கு உரிய அவகாசத்தை அளந்து கொடுக்க வேண்டியிருக்கும்.